கவ்வாத்தைக் கேட்டு வயது கண்டவள்

விசாலாட்சி போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் ராகலைச் சந்தையில் லீக்ஸ் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவளுடைய தம்பி முருகேசு. ஹட்டன் பஜாரில் அவர்களுடைய பாத்திரக் கடையை இப்போது நடத்துகிறவர் அவர்தான். "அக்கா, விசாலக்கா காலையில ஆறரைக்குப் போயிட்டாங்க" என்றார். அப்போது மணி ஒன்பதே கால். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "எனக்கு முன்னாடி யார் யாருக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். பாவம், அந்த மனுஷர் கொஞ்சம் திகைத்துவிட்டு, ஒவ்வொருவராகச் சொன்னார். எண்ணிப் பார்த்தேன். நான் ஆறாவது ஆள்.

அவளை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அதனால் மறைத்துப் பயனில்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் அவளோடு படித்தேன், ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன், ஒரே டப்பாவில் சோறு தின்றேன். முப்பத்தெட்டு வருஷமும் அவள்மேல் பொறாமைப்பட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீங்கள்தான் பெரிய கட்டுரை எழுத வேண்டும் என்று முருகேசு கேட்டபோது, "நான் எழுதினா நல்லா இருக்காது தம்பி" என்று சொன்னேன். "நீங்க எப்படி எழுதினாலும் போடுறோம்க்கா. அவங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில் நடந்ததிலிருந்து தொடங்கலாம். விலங்கியல் செய்முறை வகுப்பு. நுணுக்குக்காட்டியில் தெரிவதை வரைய வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே ஒரு கோடு பிசகாமல் வரைந்தேன். கலம் என்று நம் புத்தகங்கள் சொல்லும் அந்த உயிர் அணு, என் தாளில் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அரை மணி நேரம் பிந்தி வந்து, என் பென்சிலையே இரவல் வாங்கி, கோணல் மாணலாக ஏதோ வரைந்தாள். நடுவில் பெரிய வட்டம் ஒன்று. அதற்கு அம்புக்குறி போட்டு "காற்றுக்குமிழி" என்று எழுதினாள். கண்ணாடித் தட்டில் குமிழி விழுவது செய்தவர் பிழை. அதைப் போய் யாராவது வரைவார்களா? விரிவுரையாளர் என் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அவள் படத்தை எடுத்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். "இவர் ஒருவர்தான் பார்த்து வரைந்திருக்கிறார்" என்றார். வெளியே வந்ததும் கேட்டேன், குமிழியை எதற்கு வரைந்தாய் என்று. "இருந்துச்சே! இருக்கிறதைத்தானே வரையணும்" என்றாள். பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

அவளுக்கு எல்லாம் எளிதாக வந்தது. ஹட்டன் பஜாரில் பெரிய கடை, சொந்த வீடு, பிறந்த அன்றே பதிந்த பிறப்புச் சான்றிதழ். நாங்கள் தீபாவளிக்கு முந்திய சம்பளத்தில் ஒரு சட்டி வாங்க அந்தக் கடை வாசலில் நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து கடலை தின்ற சிறுமி அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீ ஏன் உள்ள வரல? கடலை குடுத்திருப்பேனே" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

படித்து முடித்ததும் அவளுக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. இங்கேயே மேற்படிப்பை முடித்து விரிவுரையாளரானேன். திரும்பி வந்தபோது அவள் கொண்டுவந்ததுதான் எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வால்வெள்ளிச் சோதனை. அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. வெயில், புகை, ஏன், நாம் மூச்சுவிடுவதுகூட அதைத் தினமும் அறுக்கிறது. அறுந்ததை ஒட்டுவதற்கு உள்ளேயே நொதியங்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் வேலை மந்தமாகிறது. ஒரு துளி இரத்தத்திலிருந்து வெள்ளைக் கலங்களைப் பிரித்து, வேண்டுமென்றே கொஞ்சம் சேதப்படுத்தி, கூழில் பதித்து மின்சாரம் செலுத்தினால், அறுந்த துண்டுகள் வால்வெள்ளியின் வால்போல் இழுபட்டு நிற்கும். ஒரு மணி நேரம் சரிசெய்யவிட்டுத் திரும்பப் பார்த்தால் வால் குட்டையாகியிருக்கும். எவ்வளவு குட்டையாகிறது என்பதே அந்த மனிதருடைய பழுதுபார்க்கும் திறன்.

இப்படித்தான் நான் எந்தக் கூட்டத்திலும் விளக்குவேன். அவள் விளக்கியது வேறு மாதிரி. எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தம் கேட்கப் போன முதல் நாள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவர்கள் கூடையோடு நின்றபடி கேட்டார்கள். அவள் ஒரு கொழுந்துச் சாக்கில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "ஒடம்புக்குள்ள ஒரு நூலு இருக்கு. தெனம் அறுந்துகிட்டே இருக்கும். முடிச்சுப் போடுறதுக்கு உள்ளயே ஆளுங்க இருக்காங்க. வயசாக வயசாக அந்த ஆளுங்களுக்குக் கை ஓயுது. எவ்வளவு ஓயுதுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "அந்த ஆளுங்களுக்கு முழுப்பேர் போடுவாங்களா, அரைப்பேரா?"

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலையின் பதிவு. எல்லோரும் சிரித்தார்கள். விசாலம்தான் அதிகம் சிரித்தாள். அவர்கள் எங்கள் ஆட்கள், வரிசை வீடுகளான என் லயத்துச் சனங்கள். ஆனால் நான் எழுதி வைத்திருந்த விளக்கக் கடிதம் என் பையிலேயே இருந்தது. அன்று முப்பது பேர் கை நீட்டினார்கள். அத்தனை பேரும் அவளிடம்தான் நீட்டினார்கள்.

ஆனால் அந்த ஆய்வு என்னுடையது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வருஷத்துக்கு முன் அந்த எண்ணம் எனக்குத்தான் வந்தது. மலை உச்சியின் வெயிலிலும் குளிரிலும் ஆயுள் முழுக்க நிற்கிற நம் பெண்களின் கலங்கள் வயதாகும்போது என்ன ஆகின்றன என்று யாரும் பார்த்ததில்லை. நான் பார்க்க நினைத்தேன். இரத்தக் குப்பிகளை ரிஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸ் வைத்து வேனில் மடியில் தூக்கிக்கொண்டு போனவள் நான். பெயர், வயது, வேலை செய்த வருஷம் எல்லாவற்றையும் அவரவர் அடையாள அட்டையைப் பார்த்து ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பதிந்தவளும் நான். என் அம்மாவும் இரத்தம் கொடுத்தார். அம்மாவின் அட்டையையும் வாங்கித்தான் வயதை எழுதினேன். எழுபது.

முடிவு வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எழுபது வயதுப் பெண்களின் கலங்கள் அறுபத்தைந்தைப் போல வேலை செய்தன. அறுபது வயதுக்காரர்கள் ஐம்பத்தைந்தைப் போல. நம் பெண்கள் மற்றவர்களைவிட மெதுவாகத்தான் மூப்படைகிறார்கள்! தாளை வைத்துக்கொண்டு அழுதேன். இந்தச் சனங்களைப் பற்றி உலகம் எழுதியதெல்லாம் இல்லாமையும் நோயும்தான். முதல் முறையாக ஒரு நல்ல செய்தி, அதுவும் அவர்கள் இரத்தத்திலிருந்தே, அதுவும் அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கையால். சுருக்கத்தை எழுதி வருடாந்த விஞ்ஞானக் கூட்டத்துக்கு அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான், ஒரு மரியாதைக்காக, விசாலத்திடம் சரிபார்க்கக் கொடுத்தேன். சரி, மரியாதைக்காக மட்டும் இல்லை. அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவும்தான்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். பாராட்டவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"செல்வி, இதுல புள்ளியெல்லாம் ஒரே பக்கமா நகர்ந்திருக்கு. ஒரு வாரம் குடு" என்றாள்.

"எதுக்கு ஒரு வாரம்?"

"கணக்கு சரியா இருக்கு. ஆளைக் கேட்டுப் பாக்கணும்."

எனக்கு எரிந்தது. என் வெற்றி அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது, அதனால் அப்படி நினைத்தேன். தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். நான் நினைத்தது இந்த விதத்தில்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசலில் எனக்குத் தெரிந்த செருப்பு கிடந்தது. உள்ளே அடுப்படியில், அம்மாவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள் விசாலம். நானில்லாமல், என்னிடம் சொல்லாமல், என் வீட்டில்! நான் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப நீங்க பெரிய மனுஷி ஆனப்போ எந்தத் துரைங்கம்மா?" என்று அவள் கேட்டாள்.

"பூனைக்கண்ணு தொரை" என்றார் அம்மா. "அவரு வந்து ரெண்டாம் வருசம். நாலாம் நம்பர் மல கவ்வாத்து. எனக்கு நல்லா நெனவிருக்கு. லயத்துக்குப் பக்கத்து மலையில்ல, மிலாறு வெறகு வேண்டிய மட்டும் கெடச்சிச்சு. எனக்கு ஓல கட்டி ஒக்கார வச்சப்போ எங்கம்மா அதுலதான் தண்ணி சுட வச்சாங்க."

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது; வெட்டி விழும் குச்சிகள்தான் மிலாறு. ஒவ்வொரு மலையாக, நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை அதன் முறை வரும். எந்த மலை எந்த வருஷம் வெட்டப்பட்டது என்று தோட்ட ஆபிஸில் பழைய புத்தகம் இருக்கிறது. தோட்டத்தை நடத்தும் துரைமார் வந்த வருஷமும் போன வருஷமும் அங்கேயே இருக்கிறது. ஒரு பெண் துரையையும் மலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வருஷம் ஒன்றுதான் பொருந்தும். பெரிய மனுஷியானபோது பதின்மூன்று, பதினான்கு என்று பின்னோக்கி எண்ணினால் பிறந்த வருஷம் கிட்டத்தட்ட வந்துவிடும். விசாலம் மூன்று நாளாக ஆபிஸ் பெரிய கிளாக்கரோடு உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் புரட்டியிருந்தாள். என்னிடம் இரத்தம் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய், வயது என்ன என்று கேட்கவே இல்லை. பேர் பதிந்தபோது எந்த மலை, மூத்த பிள்ளை பிறந்தபோது எந்தத் துரை என்று கேட்டாள்.

லயத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. ஒரு காலத்தில் எட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையிடம் பன்னிரண்டு என்று சொல்லி வேலைக்குப் பேர் பதிவார்கள். அந்த வயதே பிறகு எல்லாப் பத்திரத்திலும் ஏறிக்கொண்டு வரும். இறந்துபோன அக்காவின் பிறப்புச் சான்றிதழைத் தங்கைக்கு வைத்துக்கொள்வார்கள். எந்தப் பத்திரத் துண்டும் இல்லாதவர்களின் முகத்தைப் பார்த்து யாரோ ஓர் அதிகாரி உத்தேசமாக ஒரு வயது எழுதுவார். வெயிலில் காய்ந்த முகத்துக்கு எந்த அதிகாரி குறைத்து எழுதப் போகிறார்? ஆக, அட்டையில் இருந்த வயதெல்லாம் உண்மை வயதைவிடக் கூட. கலங்கள் இளமையாக இல்லை. ஆட்களே இளையவர்கள்.

"அம்மா, இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே!" என்று கத்திவிட்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "நீ எங்க கேட்ட? ஐடி கார்டக் கேட்ட, எடுத்துக் குடுத்தேன்."

"வயசு தப்புன்னு சொல்லக் கூடாதா?"

"படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா? நாந்தான் ஆயிரந்தரம் சொல்லியிருக்கேனே, எட்டு வயசுல கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறுனேன்னு."

சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் நான் சோற்றை ஒதுக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் எழுபது என்று எழுதினேன். அந்த ஆய்வில் தவறு செய்ய உரிமை இல்லாத ஒரே ஆள் நான்தான். அதைக் கண்டுபிடித்தவளோ லயத்துக் கூரைக்குக் கீழ் ஒரு நாள்கூடப் படுத்தறியாத பஜார் வீட்டுப் பெண். விசாலம் இன்னொரு ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். நான் அதை அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு வெளியே போனேன். அம்மா என் பின்னால் வரவில்லை, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் வயதுகளைத் திருத்திப் புள்ளிகளை மறுபடி போட்டோம். நம் பெண்கள் எல்லா மனிதரையும் போலவேதான் மூப்படைகிறார்கள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. என் நல்ல செய்தி அரை மணி நேரத்தில் செத்தது.

"உனக்கு என்னடி கஷ்டம்?" என்று அவளிடம் கேட்டேன். "ஒங்க சனமா இது? எங்க சனத்துக்கு ஒண்ணு கெடச்சிச்சு. அதையும் நீ பிடுங்கிட்ட."

அவள் கோபப்படவில்லை. "அது உண்மையா இருக்கணும்னு ஒனக்கு ஆசை, செல்வி. அதான் ஒன் கண்ணுல படல. எனக்கு அந்த ஆசை இல்ல, அவ்வளவுதான். வேற கெட்டிக்காரத்தனம் ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு, "ஒங்கம்மாவுக்கு நாலு வயசு கொறஞ்சிருக்கு. அதுக்காவது சந்தோஷப்படேன்" என்றாள்.

இனிமேல் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. இதற்காகத்தான் முருகேசுவிடம் சரி என்றேன்.

கூட்டத்துக்கு அனுப்பிய சுருக்கத்தை நான் வாபஸ் வாங்கினேன். வயதுப் பதிவில் பிழை இருப்பதாக நானே எழுதினேன். துறைத் தலைவர் என்னை அழைத்து, சொந்த முடிவைச் சொந்தக் கையால் கிழித்துப் போடும் நேர்மை அரிது என்றார். கவ்வாத்துப் புத்தகத்தையும் துரைமார் பட்டியலையும் வைத்து உண்மை வயதைக் காணும் வழியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினோம். இன்று அதை மாணவர்கள் "செல்வி மிஸ் முறை" என்கிறார்கள். வேறு தோட்டங்களில் ஆய்வு செய்யப் போகிறவர்களும் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போகிறார்கள். போன வருஷம் எனக்கு எடுத்த பாராட்டு விழாவில்கூட ஒருவர் இதையே சொன்னார், தன் மண்ணை அறிந்தவரால்தான் இப்படி யோசிக்க முடியும் என்று. விசாலம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

அந்த முறை என்னுடையது அல்ல. பிழையைக் கண்டதும் நான் அல்ல. இரண்டும் விசாலாட்சியுடையவை.

அந்தத் திங்கட்கிழமை அவள் சொன்னது இதுதான்: "நீயே எழுதி வாபஸ் வாங்கிக்க. நீயே கண்டுபிடிச்சதா இருக்கட்டும். நான் தோட்டத்துக்குப் போனது ரொட்டி திங்க." குறிப்பில் என் பெயரை முதலில் போட்டாள். தன் பெயரைக் கடைசியில், நன்றி சொல்லும் வரியில் போட்டாள். நான் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தப் பாராட்டுகளைக் கை நீட்டி வாங்கினேன். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அவள்மேல் எனக்கு ஆத்திரம் கூடியது. ஒருவர் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டால் திட்டலாம். கொடுத்துவிட்டு மறந்தும் போகிறவளை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு அது உயிர்போகிற விஷயம். அவளுக்குக் கடையில் கொசுறாகக் கொடுக்கும் ஒரு கரண்டி.

ஒரு முறை நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் துணிந்து கேட்டேன், வெளியில் சொல்லிவிடட்டுமா என்று. அவள் ஜன்னல் ஓரத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். "எதை?" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஞாபகமில்லை. நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு. டி.என்.ஏ. பழுதுபார்ப்பைப் பற்றியே வாழ்க்கை முழுக்கப் படித்தவளுக்கு அந்த நோய். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவள் மட்டும், "உள்ள இருக்க ஆளுங்கெல்லாம் ஸ்ட்ரைக் பண்ணிட்டாங்க. பேச்சுவார்த்தைக்கும் வர மாட்டேங்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா என்னோடு ஹட்டனுக்கு வந்தார். முழங்கால் வலியோடு அந்த மாடிப்படி ஏறினார். நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்த அதே கையால் அவளுக்கு ஊட்டினார். நான் கதவருகே நின்றேன். சாகக் கிடப்பவள்மேல்கூட உனக்குப் பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம்.

கடைசியாக நான் தனியாகப் போன நாள், சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"விசாலம், எனக்கு ஒம்மேல பொறாமை. ஆரம்பத்துலருந்தே."

"தெரியும்" என்றாள்.

"எப்பத்துலருந்து?"

"காத்துக்குமிழி."

அவள் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பிறகு அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்டேன். ஏன் அப்படித் தூக்கிக் கொடுத்தாய், என்மேல் இரக்கமா என்று.

"இரக்கமாவது மண்ணாவது" என்றாள். மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுத்தான் பேசினாள். "அன்னைக்கு அத நான் வச்சிக்கிட்டிருந்தா நீ வேலைய விட்டுப் போயிருப்ப. ஒன் மொகத்துல எழுதி இருந்துச்சு. நீ போயிட்டா என் பிழைய யாரு பாப்பா? எம்மேல பிரியமா இருக்கவங்கக்கிட்ட கணக்கைக் குடுத்தா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ ஒருத்திதான் எங்கயாவது தப்பு கெடைக்காதான்னு ராவு பகலாத் தேடுவ. எத்தன தப்புல இருந்து என்னைக் காப்பாத்தியிருக்க, கணக்கு வச்சிருக்கியா? நான் வச்சிருக்கேன்."

நான் அழுதேன். வெளியில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நான் போனப்புறம் சொல்லு. இப்ப சொன்னா வந்து வந்து பாராட்டுவாங்க. எனக்கு எழுந்து உக்கார முடியல" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி முழு வாக்கியம் அது.

அவள் முடிக்காமல் விட்ட ஒரு கட்டுரை, போன வாரம் முருகேசு வழியாக எனக்கு வந்தது. மேலே "செல்விக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாள். வயதான கலங்களில் அறுந்த இழை ஒட்டுவதற்கு எடுக்கும் நேரத்தைப் பற்றியது. மிக நல்ல கட்டுரை. நான் எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வரிவரியாகத் தேடினேன். நான்காம் அட்டவணையில் கிடைத்தது. இரண்டு நிரல்கள் இடம் மாறியிருந்தன. "பிடிச்சிட்டேன்!" என்று வாய்விட்டுக் கூவினேன். எதிரில் இருந்த மாணவி பயந்து எழுந்துவிட்டாள்.

பிழையைத் திருத்தினேன். திருத்தியது யார் என்று எங்கேயும் குறிக்கவில்லை. யாரிடமும் மூச்சு விடாமல் இருந்துவிடலாம், அவள் எனக்குச் செய்ததை நான் ஒரு முறையாவது அவளுக்குச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் தாங்கினேன். இதோ, நான்காம் நாள் உங்களிடம் சொல்லிவிட்டேன். அவள் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். காரியத்துக்கு வரும்போது யாரும் தயவுசெய்து அதை ஆற்றப் பார்க்க வேண்டாம். அந்தக் கட்டுரையில் இன்னும் பதினொரு பக்கம் நான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.